எச்.ஐ.வி.யை உலகம் எண்ணக் கற்ற வரலாறு

2024ஆம் ஆண்டின் முடிவில் உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்கள் 4 கோடியே 8 லட்சம் பேர் என்கிறது ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸ். 2007இல் அதே அமைப்பு சொன்ன எண் 3 கோடியே 32 லட்சம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு நோய் கைமீறிப் போய்விட்டதாகவே தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. 1990களின் நடுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 33 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றிய வைரஸ், 2024இல் 13 லட்சம் பேருக்குத் தொற்றியது. 2004இல் 21 லட்சம் உயிர்களைக் கொண்டுபோன நோய், இருபது ஆண்டுகள் கழித்து 6 லட்சத்து 30 ஆயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. இறந்திருக்கக்கூடிய லட்சக்கணக்கானோர் மருந்தின் துணையால் உயிரோடு இருக்கிறார்கள். மொத்த எண் ஏறியதற்குக் காரணம் அதுதான். புதிய தொற்று, சிகிச்சை, சாவு என்ற மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் எச்.ஐ.வி.யின் கதை விளங்கும். ஆனால் இந்த மூன்றையும் எண்ணுவதற்கு உலகம் நாற்பது ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது. அந்த வரலாற்றைப் பார்க்கும்போது ஒரு முடிவுக்குத்தான் வர முடிகிறது: எண்ணப்படுவதால் நோயாளிக்கு ஒரு நன்மை கிடைத்த இடங்களில் கணக்கு உண்மையை நெருங்கியது, கெடுதல் மட்டுமே கிடைத்த இடங்களில் கணக்கும் கெட்டது, உயிர்களும் போயின.

தொடக்கமே இதற்குச் சான்று. 1981 ஜூன் 5ஆம் தேதி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்தர அறிக்கை, லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அரிய வகை நிமோனியாவைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டது. அது அச்சேறியபோது ஐவரில் இருவர் இறந்துவிட்டிருந்தனர். இதற்குச் சில வாரங்கள் முன்பே அந்த மையத்தின் மருந்துப் பிரிவில் வேலை செய்த சாண்ட்ரா ஃபோர்டு ஒரு மாற்றத்தைக் கவனித்திருந்தார். பென்டமிடின் என்ற மருந்து அப்போது அந்நாட்டில் அந்த மையத்திடம் மட்டுமே கிடைத்தது. எப்போதோ ஒருமுறை கேட்கப்படும் அந்த மருந்தை, காரணம் தெரியாமல் நோய் எதிர்ப்பாற்றல் இழந்த இளைஞர்களுக்காக மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர் அதை மேலதிகாரிகளுக்கு எழுதினார். இந்த நோயைப் பற்றிய முதல் எச்சரிக்கைகளில் ஒன்று மருந்துப் பதிவேட்டிலிருந்து வந்தது. மருந்து கேட்டு வந்தவர்கள் கண்ணில் பட்டார்கள். மருத்துவமனை வாசலையே மிதிக்க முடியாமல் இறந்தவர்கள் எந்தப் பதிவிலும் இல்லை.

1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மோன்தானியேவும் இருந்த குழு வைரஸைப் பிரித்தெடுத்தது. 1985இல் அமெரிக்காவில் எலைசா ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் நோய் மிகுதியாக இருந்த ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளில் அந்தப் பரிசோதனைக்கு வசதியில்லை. எனவே 1985 அக்டோபரில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகரான பாங்கியில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டம், ரத்தப் பரிசோதனை இல்லாமலே எய்ட்ஸ் நோயாளியை அடையாளம் காண ஒரு வரையறையை வகுத்தது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவது, ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல் ஆகியவை பெரிய அறிகுறிகள். விடாத இருமல், அரிப்பு, வாய்ப்புண் போன்றவை சிறிய அறிகுறிகள். பெரியதில் இரண்டும் சிறியதில் ஒன்றும் இருந்தால் எய்ட்ஸ் என்று குறித்துக்கொள்ளலாம். காசநோய் வந்தவருக்கும் எடை குறையும், காய்ச்சல் அடிக்கும், இருமல் நிற்காது. அதனால் எய்ட்ஸ் இல்லாதவர் சிலர் கணக்கில் சேர்ந்திருப்பார்கள். ஊரிலேயே இறந்துபோன எய்ட்ஸ் நோயாளிகள் பலர் விட்டுப்போயிருப்பார்கள். ஆனாலும் கையில் எதுவுமே இல்லாத மருத்துவருக்கு அது ஒரு தொடக்கம் தந்தது.

வசதி நிறைந்த அமெரிக்காவிலும் வரையறை ஆட்களை வெளியே தள்ளியது. அங்கே முதலில் எய்ட்ஸ் என்று எழுதப்பட்ட நோய்களின் பட்டியல் பெரும்பாலும் ஆண்களிடம் கண்ட நோய்களைக் கொண்டு உருவானது. எச்.ஐ.வி. இருந்த பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்தால் அது பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததால் அவர்கள் எய்ட்ஸ் நோயாளிகளாகக் கொள்ளப்படவில்லை. அதனால் அரசின் ஊனமுற்றோர் உதவித்தொகையைப் பெறவும் திண்டாடினார்கள். நோயாளிகளும் வழக்கறிஞர்களும் ஆக்ட்-அப் போன்ற இயக்கத்தினரும் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 1993இல் வரையறை மாறியது. கருப்பைவாய்ப் புற்றுநோயும், நுரையீரல் காசநோயும், திரும்பத் திரும்ப வரும் நிமோனியாவும், நோய் எதிர்ப்பாற்றல் தரும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே போவதும் சேர்க்கப்பட்டன. அந்த ஆண்டில் அமெரிக்காவில் பதிவான எய்ட்ஸ் நோயாளிகளின் எண்ணிக்கை முந்திய ஆண்டைப் போல இருமடங்கைத் தாண்டியது. வைரஸ் ஓராண்டில் இருமடங்காகப் பரவிவிடவில்லை. அதுவரை நோயோடு இருந்தும் எண்ணப்படாதவர்கள் எண்ணப்பட்டார்கள், அவ்வளவுதான். புள்ளிவிவரத்தின் ஒரு வரியை மாற்றுவதற்காக நோயாளிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள் என்றால், அந்த வரியில் அவர்களுடைய சோறும் மருந்தும் இருந்தன என்பதுதான் காரணம்.

இந்தியாவின் கணக்கு சென்னையில் தொடங்கியது. 1986 வரை இந்நாட்டில் எச்.ஐ.வி. இல்லை என்றும், நம் ஒழுக்கமும் பண்பாடும் அதை அண்டவிடாது என்றும் பரவலாக நம்பப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவை அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். அரசு காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடமிருந்து நிர்மலா 80க்கு மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோய், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில் எலைசா பரிசோதனை செய்தார். ஆறு மாதிரிகள் நிறம் மாறி மஞ்சளாயின. மறுபரிசோதனையிலும் அதே முடிவு வந்தது. அமெரிக்க ஆய்வகம் உறுதி செய்த பிறகு, மே மாதம் தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டப்பேரவையில் அறிவித்தார். நாட்டைக் கண்விழிக்கச் செய்த பணி அது. ஆனால் அந்த ஆறு பெண்களுக்குக் கொடுக்க அன்று உலகில் எங்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. அவர்களுடைய ரத்தத்தால் நாடு எச்சரிக்கை பெற்றது. பழியோ அவர்களுடைய தொழிலின் மேல் போய்ச் சேர்ந்தது.

எண்ணுவது நோயாளிக்குத் தீங்காகும் என்பது எச்.ஐ.வி. கணக்கெடுப்பின் மேல் வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1989இல் கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் ரத்த தானம் செய்தார். அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் அவரைக் காவல்துறை பிடித்துப்போய், மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் பேரில் பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் இரண்டு மாதங்களுக்கு மேல் தனிமையில் அடைத்துவைத்தது. கியூபா 1986 முதல் ஏழெட்டு ஆண்டுகள், தொற்று கண்டவர்களை அரசின் விடுதிகளில் கட்டாயமாக ஒதுக்கிவைத்தது. இத்தகைய செய்தி ஊருக்குள் பரவினால் யார்தான் தாமாக முன்வந்து ரத்தம் கொடுப்பார்கள்? இதிலிருந்து கிடைக்கும் பாடம் எண்ணவே கூடாது என்பதல்ல. எண்ணுகிற கைக்கும் தண்டிக்கிற கைக்கும் இடையே மதில் வேண்டும் என்பதே பாடம். ஒருவரின் தொற்று நிலையை அவருடைய ஒப்புதல் இன்றி வெளியிடுவதையும், அதைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பாகுபாடு காட்டுவதையும் தடைசெய்யும் இந்தியச் சட்டம் 2017இல் நிறைவேறி 2018இல் நடைமுறைக்கு வந்தது. கோவாவில் நடந்ததற்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

தண்டனை பயம் இல்லாமல் எண்ண வழி தேடியவர்கள் கர்ப்பிணிகளின் ரத்தக் குழாய்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அரசு மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் மேகநோய்ப் பரிசோதனைக்காக எப்படியும் ரத்தம் எடுப்பார்கள். சோதனை முடிந்து குழாயில் மிஞ்சும் ரத்தத்திலிருந்து பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, வயது போன்ற சில விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு எச்.ஐ.வி. பரிசோதனை செய்தார்கள். இந்தியாவில் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு மருத்துவமனையிலும் வரிசையாக வரும் 400 கர்ப்பிணிகளின் ரத்தம் இப்படிச் சோதிக்கப்பட்டது. யார் ரத்தம் என்று எவருக்கும் தெரியாது. எனவே யாரையும் பிடித்து அடைக்க முடியாது. தென் ஆப்பிரிக்காவில் 1990 முதல் ஆண்டுதோறும் நடந்த இத்தகைய கணக்கெடுப்பு, கர்ப்பிணிகளில் தொற்று இருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையிலிருந்து 1998இல் 22.8 விழுக்காடாகவும், 2005இல் 30.2 விழுக்காடாகவும் ஏறியதைக் காட்டியது. எண்ணும் முறையாக இது சிறந்தது. அறமாகப் பார்த்தால் அதில் ஒரு காயம் இருந்தது. பெயரை நீக்கிவிட்டதால், தொற்று இருந்த பெண்ணுக்கு அந்த முடிவைச் சொல்ல வழியில்லை. மருந்தே இல்லாத காலத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று வாதிட முடிந்தது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்க மருந்து வந்த பிறகு அந்த வாதம் நிற்கவில்லை. பிற்பாடு உலக சுகாதார நிறுவனமும் யுஎன்எய்ட்ஸும் இந்த முறையைக் கைவிட்டு, முடிவைத் தாயிடம் சொல்லி மருந்தும் கொடுக்கும் வழக்கமான பரிசோதனைகளிலிருந்தே கணக்கை எடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டன.

தொற்றை எண்ணுவதைவிடச் சாவை எண்ணுவது கடினம். எய்ட்ஸால் இறந்தவரின் இறப்புச் சான்றில் காசநோய் என்றோ நிமோனியா என்றோ எழுதுவது பல நாடுகளில் வழக்கம். குடும்பத்தின் மானம், காப்பீட்டுத் தொகை, பிள்ளைகளின் எதிர்காலம் என்று அதற்குப் பல காரணங்கள். தாபோ எம்பெக்கி அதிபராக இருந்தபோது தென் ஆப்பிரிக்க அரசு, எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணம் என்பதையே ஐயுற்றது. எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்தைக் கொடுக்கத் தயங்கியது. அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2001இல் வேறொரு வழியில் சென்றார்கள். சாவின் காரணத்தை விட்டுவிட்டு, மக்கள்தொகைப் பதிவேட்டில் இறந்தவர்களின் வயதை மட்டும் பார்த்தார்கள். எந்த ஊரிலும் சாவு பச்சிளம் பருவத்திலும் முதுமையிலும் கூடுதலாக இருக்கும், நடுவில் தாழ்ந்திருக்கும். இங்கே அந்த நடுப்பகுதி மேடாக எழுந்து நின்றது. 25 முதல் 29 வயது வரையிலான பெண்களின் இறப்பு வீதம் 1985இல் இருந்ததைப் போல ஏறத்தாழ மூன்றரை மடங்காகியிருந்தது. அந்த வயதில் இத்தனை பேரைக் கொல்லும் வேறொரு காரணத்தை யாராலும் காட்ட முடியவில்லை. 2000ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயதுக்குள் இறந்தவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் எய்ட்ஸால் இறந்தார்கள் என்று அறிக்கை சொன்னது. அரசு அதை ஏற்க மறுத்தது. 2000 முதல் 2005 வரை மருந்து கிடைக்காமல் அகாலத்தில் இறந்தவர்கள் 3 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் என்று ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். கணக்கைத் தள்ளிவைத்ததற்கு அந்த மக்கள் கொடுத்த விலை அது.

தென் ஆப்பிரிக்காவில் கணக்கைக் குறைத்துப் பேசினார்கள் என்றால், இந்தியாவில் கணக்கு கூடிப்போனது. 2002இல் அமெரிக்க உளவுத் துறையினருக்கான ஓர் அறிக்கை, 2010க்குள் இந்தியாவில் 2 கோடி முதல் 2½ கோடிப் பேர் வரை எச்.ஐ.வி.யோடு இருப்பார்கள் என்று முன்கணித்தது. 2006இல் யுஎன்எய்ட்ஸ் இந்தியாவுக்குச் சொன்ன எண் 57 லட்சம். அதே காலத்தில் ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் லலித் டாண்டோனா குழுவினர் வீடு வீடாக ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். மருத்துவமனைகளை வைத்துப் போட்ட அரசுக் கணக்கு, உண்மையான அளவைப் போல இருமடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. தொற்று இருப்பதாகச் சந்தேகப்பட்டவர்களைத் தனியார் மருத்துவமனைகள் பெரிய அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பிவிடுவது இதற்கு ஒரு காரணம். அங்கே எண்ணினால் விகிதம் கூடத்தானே செய்யும். 2005-06இல் நடந்த மூன்றாம் தேசியக் குடும்பநல ஆய்வு இதை நாடு முழுவதும் சோதித்தது. சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, ஒப்புதல் கேட்டு, விரல் நுனியில் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாள் அட்டையில் விடுவார். அது காய்ந்ததும் பெயருக்குப் பதிலாகப் பார்கோடு ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவார். வீட்டாருக்கு, விரும்பினால் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ள ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தம் சோதிக்கப்பட்டது. வீடுகளில் அகப்படாத பாலியல் தொழிலாளர், போதை ஊசி போடுவோர் ஆகியோரையும் கணக்கில் சேர்த்த பிறகு, 2007 ஜூலையில் இந்திய அரசும் யுஎன்எய்ட்ஸும் புதிய எண்ணை அறிவித்தன: 25 லட்சம்.

அதே ஆண்டு உலகக் கணக்கும் இறங்கியது. முந்திய ஆண்டில் 3 கோடியே 95 லட்சம் என்றிருந்தது 3 கோடியே 32 லட்சமானது. அந்த வீழ்ச்சிக்கு இந்தியாவின் திருத்தமே மிகப் பெரிய காரணம். கென்யாவிலும் முன்னர் 15 விழுக்காடு என்று சொல்லப்பட்ட தொற்று, 2003இல் வீடு வீடாகச் சோதித்தபோது 6.7 விழுக்காடாக இருந்தது. பணம் திரட்டுவதற்காக எண்ணை ஊதிப் பெருக்கினார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போது பலமாக எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தில் முதல் கணிப்புகளைச் செய்த ஜேம்ஸ் சின்னே அதை ஒரு புத்தகமாக எழுதினார். இந்தக் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. பெரிய எண்ணைச் சொன்னால்தான் உலகம் திரும்பிப் பார்க்கும் என்ற எண்ணம் அந்நாட்களில் பலரிடம் இருந்தது. அதற்கு இசைவான எண்களை அவர்கள் கேள்வி கேட்காமல் ஏற்றார்கள். ஆனால் இதிலிருந்து மொத்தக் கணக்கும் புரட்டு என்ற முடிவுக்குப் போக முடியாது. பிழை ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை: அமெரிக்கப் பெண்களையும் தென் ஆப்பிரிக்க இளைஞர்களையும் கணக்கு குறைத்தே காட்டியது. கூடிப்போன எண்ணைத் திருத்தியவர்களும் அதே துறையைச் சேர்ந்த ஆய்வாளர்கள்தான். மேலான சான்று வந்ததும் தங்கள் எண் கூடுதல் என்று உலகறியச் சொல்லி, அதனால் நிதி குறையும் ஆபத்தையும் ஏற்றுக்கொண்ட கணக்கை நம்பலாம். தவறே ஒப்புக்கொள்ளாத கணக்கைத்தான் நம்பக் கூடாது.

இன்னொரு கேள்வியும் கேட்கப்படுகிறது. இவையெல்லாம் கணினியில் போட்ட மதிப்பீடுகள்தானே, ஆளை ஆள் எண்ணியவை அல்லவே என்பது அது. உண்மைதான். எச்.ஐ.வி. உடலில் பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருக்கும் கிருமி. தமக்குத் தொற்று இருப்பதை அறியாத ஒருவரை எந்தப் பதிவேடும் எண்ண முடியாது. அதனால்தான் ஸ்பெக்ட்ரம் என்ற மென்பொருளில் கர்ப்பிணிகளின் பரிசோதனை, வீட்டு ஆய்வு, மருந்து வாங்குவோரின் எண்ணிக்கை, இறப்புப் பதிவு என்று கிடைத்த எல்லாவற்றையும் சேர்த்து ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுதோறும் கணக்குப் போடுகிறார்கள். ஓர் எண்ணோடு, அது எவ்வளவு கீழேயும் மேலேயும் இருக்கலாம் என்ற எல்லைகளையும் அச்சிடுகிறார்கள். புதிய சான்று வந்தால் பழைய ஆண்டுகளின் எண்களையும் மாற்றுகிறார்கள். தொற்று உச்சத்தில் இருந்த ஆண்டு எது என்பதுகூட அறிக்கைக்கு அறிக்கை ஓரிரு ஆண்டு நகர்ந்திருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இன்னொரு குழு வேறு முறையில் போடும் கணக்கு யுஎன்எய்ட்ஸின் எண்களோடு சில இடங்களில் வேறுபடும். ஆனாலும் தொற்றும் சாவும் உச்சத்திலிருந்து வெகுவாகக் குறைந்துவிட்டன என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கணக்கின் தன்மையையே மாற்றியது மருந்து. 1996இல் கூட்டு மருந்து வந்தது. அடுத்த ஓராண்டிலேயே அமெரிக்காவில் எய்ட்ஸ் சாவு வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவாகும் மருந்தை ஏழை நாடுகள் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம் அதே மருந்துக் கூட்டை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2005 முடிவுக்குள் 30 லட்சம் பேருக்கு மருந்து என்று 2003இல் உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்தது. காலக்கெடு வந்தபோது 13 லட்சம் பேருக்குத்தான் கொடுக்க முடிந்தது என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. 30 லட்சத்தை எட்ட மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. இந்தியா 2004 ஏப்ரலில் எட்டு மையங்களில் இந்தக் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது, அவற்றில் ஒன்று தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. பரிசோதனைக்குப் போனால் அவமானம் மட்டுமே மிஞ்சும் என்றிருந்த காலம் போய், மருந்து கிடைக்கும் என்ற காலம் வந்தது. மக்கள் தாமாக வரத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் இலவசப் பரிசோதனை நிலையத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர் அமைந்தது மிகப் பொருத்தம்.

எண்ணுவதற்குச் செலவிடும் பணத்தில் இன்னும் நான்கு பேருக்கு மருந்து வாங்கலாமே என்பது நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் வாதம். இதற்கு மலாவி பதில் சொல்கிறது. மருத்துவர்களே அரிதான அந்த ஏழை நாடு 2004இல் இலவச மருந்தைத் தொடங்கியபோது, காசநோய்த் திட்டத்தின் பதிவேட்டு முறையை எடுத்துக்கொண்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர்கள் ஒவ்வொரு மையத்துக்கும் போய், நோயாளிகளின் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பார்கள்: உயிரோடு மருந்து உண்பவர், இறந்தவர், வேறு மையத்துக்குப் போனவர், மருந்தை நிறுத்தியவர், தொடர்பு விட்டுப்போனவர். தொடர்பு விட்டுப்போனவர்கள் குணமாகி ஊருக்குப் போய்விட்டார்கள் என்று ஆறுதல் கொள்ள இடமிருந்தது. வடக்கு மலாவியில் பட்டியலில் இருந்த அத்தகையோரைத் தேடிப் போனபோது பாதிப் பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கடைசியாக மருந்து வாங்கிப் போன மூன்று மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். அந்தப் பட்டியலும் தேடலும் இல்லையென்றால், நோய் முற்றிய பிறகு மருந்தைத் தொடங்கியதுதான் கோளாறு என்பது புலப்பட்டிருக்காது. எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்பதோடு நின்றுவிடுகிற திட்டம், எத்தனை பேரைக் காப்பாற்றினோம் என்பதை அறியாமலே முடிந்துவிடும்.

எண்ணுதலும் காப்பாற்றுதலும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் விளைவு எப்படி இருக்கும் என்பதைத் தென் ஆப்பிரிக்காவின் குவாசூலு-நடால் மாநிலம் காட்டியது. அங்கே ஒரு கிராமப்புற வட்டாரத்தில் சுமார் ஒரு லட்சம் பேரின் பிறப்பையும் இறப்பையும் ஆய்வாளர்கள் வீடு வீடாகத் தொடர்ந்து பதிந்துவந்தார்கள். 2003இல் வயதுவந்தோரின் சராசரி ஆயுள் அங்கே 49 ஆண்டுகளாகச் சரிந்திருந்தது. மருந்து வந்த பின், 2011இல் அது 60 ஆண்டுகளைத் தாண்டியது. எட்டே ஆண்டுகளில் ஒரு வட்டாரத்து மக்களின் ஆயுள் பதினோர் ஆண்டு கூடியது. அதே 2011இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, சீக்கிரமே மருந்தைத் தொடங்குபவரிடமிருந்து இணையருக்குத் தொற்றும் வாய்ப்பு 96 விழுக்காடு குறைவதாகக் காட்டியது. அந்த ஆய்வு நடந்த இடங்களில் சென்னையும் ஒன்று. அதன் பிறகு சிகிச்சைக் கணக்கே தடுப்புக் கணக்காகவும் ஆனது. தம் நிலையை அறிந்தவர் எத்தனை பேர், அவர்களில் மருந்து உண்பவர் எத்தனை பேர், அவர்களில் ரத்தத்தில் வைரஸ் அடங்கியவர் எத்தனை பேர் என்று மூன்று படிகளாக இப்போது எண்ணுகிறார்கள். 2024இல் இந்த மூன்றும் 87, 89, 94 விழுக்காடு. மருந்து உண்பவர் 3 கோடியே 16 லட்சம் பேர்.

இந்தப் பெரிய எண்ணுக்கு வெளியே நிற்பவர்கள் யார் என்று பார்த்தால், எண்ணுவதற்குக் கடினமானவர்களே மருந்துக்கும் எட்டாதவர்களாக இருக்கிறார்கள். 2024இல் வயதுவந்தோரில் 78 விழுக்காட்டினருக்கு மருந்து கிடைத்தபோது குழந்தைகளில் 55 விழுக்காட்டினருக்கே கிடைத்தது. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள் ஒன்றரை வயது வரைகூட இருக்கும். அதனால் சாதாரணப் பரிசோதனையை நம்ப முடியாது, விலை கூடிய வேறு பரிசோதனை வேண்டும். அது கிடைக்காத ஊரில் குழந்தை எண்ணப்படுவதும் இல்லை, மருந்து பெறுவதும் இல்லை. இந்த நிலையில்தான் 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்தியது. மருந்தோடு சேர்ந்து கணக்கும் அடிபட்டது. நாற்பது ஆண்டுகளாக ஏழை நாடுகளில் வீடு வீடாகப் போய்வந்த டி.எச்.எஸ். என்ற மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டத்துக்கான அமெரிக்க அரசின் பணம் நின்றது. கென்யாவின் கணக்கைத் திருத்தியது இந்தத் திட்டம்தான். அமெரிக்காவின் எய்ட்ஸ் நிதி ஒரேயடியாக நின்றுபோனால் 2029க்குள் கூடுதலாக 60 லட்சம் பேருக்குத் தொற்றும், 40 லட்சம் பேர் இறப்பார்கள் என்று யுஎன்எய்ட்ஸ் எச்சரித்தது. அந்த முன்கணிப்பு பலித்ததா பொய்த்ததா என்று அறியக்கூட எண்ணுபவர்கள் வேண்டும்.

இந்தியாவில் 2007இல் 25 லட்சம் என்று திருத்தப்பட்ட எண் இன்றும் ஏறக்குறைய 25 லட்சமாகவே இருக்கிறது. அன்று அந்த எண்ணுக்குள் சாவு நிறைந்திருந்தது. இன்று பெரும்பாலும் வாழ்வு நிறைந்திருக்கிறது. எண் ஒன்றுதான் என்றாலும் பொருள் வேறு. பன்னாட்டுப் பணம் சுருங்கும் காலத்தில் முதலில் வெட்டப்படுவது கணக்கெடுப்பாகவே இருக்கும். ஏனென்றால் எண்ணப்படாதவர் கூச்சலிட மாட்டார். இந்தியா தன் எய்ட்ஸ் கணக்கெடுப்பைத் தன் சொந்தப் பணத்தில், தளராமல், ரகசியம் காக்கும் சட்டத்தை மதித்து நடத்த வேண்டும். எடுக்கும் ஒவ்வொரு சொட்டு ரத்தத்தின் முடிவும் அதைக் கொடுத்தவர் கேட்டால் அவருக்குச் சொல்லப்பட வேண்டும். தேவைப்பட்டால் மருந்தும் அவருக்குக் கிடைக்க வேண்டும். எச்.ஐ.வி.யின் நாற்பது ஆண்டுக் கணக்கு நமக்குக் கற்றுத்தந்த ஒரே நிபந்தனை அதுதான்.